சீட்டு கிடைத்தது; கை பழக விடுவார்களா?

முதுநிலை மருத்துவப் படிப்பில் சமூகநீதி என்று பேச்செடுத்தால் நம் தோழர்கள் வழக்குகளைத் தேதி வாரியாக ஒப்பிப்பார்கள். 2020 ஜூலை 27 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, 2021 ஜூலை 29 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பு, 2022 ஜனவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு என்று அகில இந்தியத் தொகுப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வந்த கதை அவர்களுக்கு மனப்பாடம். அதெல்லாம் போராடிப் பெற்றது. குறைத்துச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்த பிள்ளைக்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

நான் மயக்க மருந்து மருத்துவர். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்துக் காலனியில் பிறந்தவள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, அரசுப் பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் எம்.டி. மயக்கவியல் படித்தேன். இப்போது பி.ஜி.க்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரை இடஒதுக்கீட்டைப் பற்றியது அல்ல. அது முடிந்து தியேட்டர் கதவு திறந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

மயக்கவியலை வெளியில் உள்ளவர்கள் ஒரு ஊசி என்று நினைக்கிறார்கள். "மயக்க ஊசி போடுற டாக்டர்" என்பதுதான் ஊரில் எனக்குப் பெயர். ஒருவரைத் தூங்க வைப்பது எளிது. தூங்கிய ஆளின் மூச்சை, ரத்த அழுத்தத்தை, இதயத்தை அவருக்குப் பதிலாக நீங்கள் பார்த்துக்கொண்டு, அறுவை முடிந்ததும் போன மாதிரியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதற்கான படிப்பில் பாதி புத்தகத்தில் இருக்கிறது. மீதிப் பாதி கையில் இருக்கிறது. லாரிங்கோஸ்கோப்பை இடது கையில் பிடித்து நாக்கை ஒதுக்கிக் குரல்நாணைப் பார்ப்பது, முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே ஸ்பைனல் ஊசி போகும்போது 'சடக்'கென்று விட்டுக்கொடுக்கும் அந்த இடத்தை விரல்நுனியில் உணர்வது, இவற்றை யாரும் வாயால் சொல்லித்தர முடியாது. தச்சு வேலை, நெசவு வேலை போலத்தான். உளி பிடித்தவருக்குத்தான் உளி பழகும்.

எத்தனை முறை பிடித்தால் பழகும் என்பதற்குக் கணக்குகூட இருக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்தார்கள். மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதில் 90 விழுக்காடு வெற்றி என்ற நிலையை எட்ட ஒருவருக்குச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. ஸ்பைனலுக்கு அதைவிடக் கூடுதல். இந்த 57 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். இட ஒதுக்கீட்டில் 27, 18, 3, 1 என்ற எண்களுக்காக நாம் தெருவில் நின்றோம். 57-க்காக யாரும் நின்றதில்லை, ஏனென்றால் அது எந்த அரசாணையிலும் இல்லை. அது தியேட்டருக்குள், காலை எட்டு மணிக்கு, ஒரு சீனியர் வாயிலிருந்து வரும் வார்த்தையில் இருக்கிறது. "நீ போடு" என்பார் ஒருவரிடம். "நீ ரெக்கார்டு எழுது" என்பார் இன்னொருவரிடம்.

இந்த இடத்தில்தான் சாதி வேலை செய்கிறது. அதற்குச் சத்தமே கிடையாது.

யாரும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டியதில்லை. கலந்தாய்வின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயருக்கு நேராக எந்தப் பிரிவு, எந்த ஒதுக்கீடு என்ற பத்தி இருக்கிறது. புதிய பி.ஜி. பெட்டியோடு ஹாஸ்டலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடும். தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. "எந்த ஊரு?" என்பார்கள். ஊர் சொன்னால், "ஊருல எந்தத் தெரு?" என்பார்கள். "அப்பா என்ன பண்றாங்க?" "ரேங்க் எவ்வளவு?" "சர்வீஸா, நான்-சர்வீஸா?" தென்மாவட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்விகளின் உறவுமுறை தெரியும். எல்லாமே ஒரே கேள்விதான்.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே முதலாண்டில் நாங்கள் ஆறு பேர். மூன்று பேருக்கு ட்யூப் போடும் வாய்ப்பு தானாக வந்தது. எனக்கும் இன்னொருவருக்கும் ரத்த வங்கிக்கு ஓடுகிற வேலை, சிலிண்டர் சரிபார்க்கிற வேலை, முன்பரிசோதனை வார்டில் இரவு பத்து மணிவரை நோயாளிகளைப் பார்க்கிற வேலை தானாக வந்தது. இதை அநியாயம் என்று சொன்னால், "அதுவும் கத்துக்க வேண்டியதுதானேம்மா" என்று பதில் வரும். உண்மைதான், கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் கற்றுக்கொண்டவர் மூன்றாம் ஆண்டில் தடுமாறுவார். தடுமாறினால், "இதுக்குத்தான் கோட்டாவில் எடுக்கக்கூடாதுங்கறது" என்ற வார்த்தை தயாராக இருக்கும். முதலில் கையைக் கட்டிவிட்டு, பிறகு நீச்சல் தெரியவில்லை என்று சொல்வது. எனக்குப் பிற்பாடு ட்யூப் பழகியது ஒரு நல்ல மனிதரால். இரவு டியூட்டியில் எமர்ஜென்சி தியேட்டரில் இருந்த ஒரு மூத்த மருத்துவர், யாரும் கேட்காத நேரத்தில், கேஸை என் கையில் கொடுத்தார். ஒரு தலைமுறையின் பயிற்சி நல்ல மனிதர்களின் இரவு டியூட்டியை நம்பி இருக்கக்கூடாது.

இது என் ஒருத்தியின் மனக்குறை என்று யாராவது நினைத்தால் இரண்டு செய்திகளை எடுத்துப் பாருங்கள். 2018 ஜனவரியில் அகமதாபாத்தில், அறுவை சிகிச்சை முதுநிலை படித்த தமிழ்நாட்டைச் சேர்ந்த தலித் மருத்துவர் ஒருவர் தற்கொலைக்கு முயன்றார். தன்னை அறுவை செய்ய விடவில்லை, தேநீர் கொடுக்கச் சொன்னார்கள் என்பது அவர் புகார். அடுத்த ஆண்டு மே 22 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில் பாயல் தத்வி இறந்தார். (தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு மே 22 என்ற தேதி வேறொரு காரணத்துக்காகவும் நெஞ்சில் இருக்கும்.) ஆதிவாசிக் குடும்பத்திலிருந்து மகப்பேறு மருத்துவம் படிக்க வந்த அவரைச் சீனியர்கள் சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்பதோடு, பிரசவம் பார்க்க விடவில்லை என்றும் குடும்பத்தினர் சொன்னார்கள். நம் ஊடகங்கள் முதல் பகுதியைப் பெரிதாகப் போட்டன. இரண்டாம் பகுதி ஒரு வரியாகப் போய்விட்டது. எனக்கு அந்த ஒரு வரிதான் கனமாகத் தெரிகிறது. ஒரு மருத்துவரிடமிருந்து கேஸைப் பறிப்பது விவசாயியிடமிருந்து நிலத்தைப் பறிப்பதற்குச் சமம்.

அதற்கு முன்பே, டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்கள் நேரம் ஒதுக்குவதில் பாகுபாடு, செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் பாகுபாடு, விடுதியில் ஒதுக்கப்படுதல் எல்லாம் அதில் பதிவாகின. வைவா என்பது நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மூடிய அறை. எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு எண் போட்டு முகத்தை மறைக்கிறோம். வைவாவில் முகம்தான் விடைத்தாள்.

இப்போது 'தகுதி'க்கு வருவோம். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தேர்வின் தகுதி வரம்பு எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சென்டைல் ஆக்கப்பட்டது. அதாவது தேர்வெழுதிய எவரும், மைனஸ் மதிப்பெண் எடுத்தவரும், கலந்தாய்வுக்குத் தகுதியானவர். காலியாகக் கிடந்த இடங்கள் நிரம்ப வேண்டும் என்றார்கள். கோடிக் கணக்கில் கட்டணம் கேட்கும் கல்லூரிகளின் இடங்களும் அதில் அடக்கம். அன்றைக்குத் தகுதி பற்றித் தொலைக்காட்சியில் அழுதவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? கரிசல்காட்டுப் பிள்ளை பத்து மதிப்பெண் குறைவாக எடுத்து வந்தால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து. பணக்காரப் பிள்ளை பூஜ்ஜியத்தில் வந்தால் காலியிடம் நிரம்புகிறது. இதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு நான் இடம் ஒதுக்கப் போவதில்லை.

அரசுப் பணியிலிருப்போர் ஒதுக்கீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோவில்பட்டி போன்ற ஊர்களின் உயிர் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலையில் பாதி இடம் என்பது நெடுங்கால ஏற்பாடு. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார். படிக்க இடம் தருகிறோம். படித்துவிட்டு அரசு மருத்துவமனைக்கே திரும்பி வா. இதுதான் ஒப்பந்தம். 2016-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தொடர்ந்து, பட்ட மேற்படிப்பில் இந்தத் தனி ஒதுக்கீடு செல்லாது, ஊக்க மதிப்பெண் மட்டும்தான் என்ற நிலை வந்தது. 2017-இல் அரசு மருத்துவர்கள் வீதியில் இறங்கினார்கள். கடைசியில் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, மருத்துவ கவுன்சில் அதைத் தடுக்க முடியாது என்றது. வழக்குப் போட்டது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். மாநில உரிமையும் சமூகநீதியும் ஒரே கயிற்றின் இரு புரி என்று மேடையில் சொல்வோமே, அதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஏன் இது மயக்கவியலில் அவ்வளவு முக்கியம்? மயக்க மருந்து மருத்துவர் இல்லாத ஊரில் அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தும் பயனில்லை. 2015-இல் லான்செட் ஆணையம் உலக மக்களில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியான அறுவையும் மயக்க மருந்தும் எட்டவில்லை என்று கணக்குச் சொன்னது. அந்த 500 கோடியில் புதூரும் விளாத்திகுளமும் இருக்கின்றன. நள்ளிரவில் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்ட ஒரு தாய்க்கு நிமிடக் கணக்கில் சிசேரியன் செய்தாக வேண்டும். மயக்க டாக்டர் இல்லை என்றால் 108 ஆம்புலன்ஸ், நாலுவழிச் சாலை, திருநெல்வேலியோ தூத்துக்குடியோ, ஒரு மணி நேரம். தமிழ்நாட்டில் பிரசவ மரணம் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 என்று 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொன்னது. இந்தியச் சராசரி அப்போது 97. அந்த இடைவெளியை உண்டாக்கியவர்களில், சீமாங் மையங்களில் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் பணிவழி வந்த மகப்பேறு மருத்துவர்களும் மயக்க மருந்து மருத்துவர்களும் உண்டு. இவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பயிற்சி கொடுத்துத்தான் வந்தார்கள்.

தூத்துக்குடி மருத்துவமனை கல்லூரி மருத்துவமனை ஆகிவிட்டதால் மாவட்டத் தலைமை மருத்துவமனை கோவில்பட்டியில் இருக்கிறது. எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு என்று சுற்றிலும் உள்ள மானாவாரி ஊர்களுக்கெல்லாம் அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. பி.ஜி. ஒருவர் இந்த வட்டாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை பாஸ்டனில் அச்சான புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் வராது.

பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் மருந்து குடித்தவருக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே ட்யூப் போட வேண்டும். அவசரத்துக்குத் தசையைத் தளர்த்த எல்லோரும் கைநீட்டும் மருந்து சக்சினைல்கோலின். வழக்கமாகச் சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும், ஏனென்றால் ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். பூச்சிமருந்து அந்த நொதியைத்தான் முடக்கியிருக்கிறது. நிமிடங்களில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் நீளும். சென்னையில் மூன்றாண்டு படித்தும் இதை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் போகலாம். இங்கே உளுந்து விலை விழுந்த மாதத்தில் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

கட்டுவிரியன் இன்னொரு பாடம். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு அது. கட்டிலில் படுப்பவர்களை அது அதிகம் தேடுவதில்லை. ஆகவே அதன் கடியிலும் வர்க்கம் உண்டு, சாதி உண்டு. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று வருவார்கள். கண் இமை தொங்கும், பேச்சு குழறும். ஒருமுறை, நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், நல்லவர் வீட்டுப் பிள்ளையான ஒரு பயிற்சி மருத்துவர் இப்படி வந்த விவசாயக் கூலி ஒருவரைப் பார்த்துவிட்டு, "குடிச்சிருக்காரு மேடம், தெளிஞ்சா சரியாயிடும்" என்றார். காலனிக்காரர், அழுக்கு வேட்டி, குழறிய பேச்சு. நோய் கண்டறிதல் முடிந்துவிட்டது. கூட வந்த மனைவி, "ஐயா, அவுக குடிக்கவே மாட்டாவ" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். இமையைத் தூக்கச் சொன்னேன், முடியவில்லை. வெண்டிலேட்டரில் ஐந்து நாள் இருந்து நடந்து வீட்டுக்குப் போனார். அந்தப் பயிற்சி மருத்துவருக்குப் பாம்புக்கடி பற்றிய பாடம் தெரியாதா? நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதுவார். எதிரில் இருந்த ஆளைப் பார்த்ததும் பாடம் மறைந்துவிட்டது. சாதிய மனம் ஒரு மருத்துவக் கோளாறும் கூட என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான். இங்கே ஒரு துணுக்கு: அந்த விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தைப் பெருமளவில் எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் அருகே உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978 முதல் இயங்குகிறது. கற்றவர்கள் கோட்டைவிட்ட நோயாளியை, கல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் தொழிலறிவு காப்பாற்றுகிறது.

தோலின் நிறமும் பாடத்தில் வர வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலம் பாயும் என்று புத்தகம் சொல்லும். யாருடைய உதடு? நம் ஊர்க் கருத்த உதட்டில் அதைத் தேடினால் தெரியாது. நாக்கின் அடியிலும் வாயின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். கருவியை நம்பலாம் என்றால் அதுவும் வெள்ளைத் தோலுக்குப் பழகியது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான ஆக்சிஜன் குறைவைக் கவனிக்காமல் விடுவது வெள்ளையரிடம் நடப்பதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 11.7 விழுக்காடு, எதிரே 3.6 விழுக்காடு. அதைப் படித்த நாளிலிருந்து, வெயிலில் கருத்த உழைப்பாளியின் விரலில் 92 என்று காட்டினால் அதை 92 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பி.ஜி.க்களிடம் சொல்லிவருகிறேன்.

அரிவாள் வெட்டைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தின் மயக்கவியலைச் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவரை இறக்கி வெட்டியதில் விரல்கள் துண்டாயின. இருவரும் பட்டியல் சாதிப் பிள்ளைகள், வெட்டியவர்களில் அவர்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். துண்டான விரலை ஒட்டுவது பல மணி நேர வேலை. அத்தனை நேரமும் தலைமாட்டில் உட்கார்ந்து, நரம்புக்கு மருந்து கொடுத்து, ரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பது மயக்க மருந்துக் குழு. பிள்ளை எழுந்ததும் முதலில் என்ன கேட்பான் என்பதற்கும் அவர்கள் தயாராக இருக்க வேண்டும். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் சாதிக் கயிறு கூடாது என்றது. எங்கள் தியேட்டரில் அந்த விதி கிருமிக்காக எப்போதோ வந்துவிட்டது: மணிக்கட்டில் எதுவும் இருக்கக்கூடாது. ஆனாலும் கையுறைக்குள் இழுத்துவிடப்பட்ட கலர்க் கயிற்றை நான் பார்த்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த கையில்.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. தீட்டுக் கோட்பாட்டை இதைவிடக் கேலி செய்யும் மருத்துவத் துறை வேறில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவர் எச்சில் விரலில் படும், அவர் விட்ட மூச்சை முகத்துக்கு நேரே வாங்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை எல்லாச் சாதி எச்சிலும் எங்கள் கையில். இவ்வளவு தொட்டும் சாதி போய்விடவில்லை. எச்சில் துடைத்த பஞ்சும் உறிஞ்சிய சளிப் புட்டியும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் கைக்குப் போகின்றன. இந்த வட்டாரத்தில் அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். ஐம்பது வயது அம்மாவை இருபத்தாறு வயது பி.ஜி. "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிறார். அந்த அம்மாவின் பேரப்பிள்ளை 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இதே துறையில் வந்து சேரும் நாள் தொலைவில் இல்லை. அவரிடம் லாரிங்கோஸ்கோப்பைக் கொடுப்பார்களா, புட்டியைக் கொடுப்பார்களா என்பதை இன்றைய "ஏய்" தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. அதனால் என் துறையில் பி.ஜி.க்கள் முதல் வாரம் மயக்க எந்திரத்தின் குழாய்களைத் தூய்மைப் பணியாளரிடமே கழுவக் கற்றுக்கொள்கிறார்கள். சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

2021-இல் சேர்ந்தவர்கள் முதல் எல்லா எம்.டி., எம்.எஸ். மாணவர்களும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி. நடைமுறையில் அதை ஆள் பற்றாக்குறைக்கு ஒட்டுப்போடும் துணியாக்கிவிடுகிறார்கள். கல்லூரியிலிருந்து அனுப்பும்போதே, "கோவில்பட்டியா? மூணு மாசம் லீவுன்னு நினைச்சுக்கோ" என்பார் ஒருவர், வந்த இடத்தில் சொல்லிக்கொடுக்க நேரமில்லாமல் நைட் டியூட்டிப் பட்டியலில் பெயரைப் போடுவார் இன்னொருவர். கரிசலைத் தண்டனை இடமாகப் பார்க்கும் கண் மாறாதவரை இந்த மூன்று மாதம் வீண்தான். மேலே சொன்ன பூச்சிமருந்தும் பாம்பும் வெட்டுக் காயமும் ரத்தசோகையோடு வரும் தீப்பெட்டி ஆபீஸ் கர்ப்பிணியும் இங்கேதான் இருக்கிறார்கள். கற்பிக்கும் ஊர் என்று இதற்குப் பெயர் கொடுத்து, கற்பிக்க ஒரு ஆளையும் கொடுங்கள்.

வேலை நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. 1992-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த உறைவிட மருத்துவர் திட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. இன்று எந்த பி.ஜி.யிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார். கூடுதல் மணிநேரம் யார் தலையில் விழுகிறது, மறுத்தால் யாருடைய ஆய்வேட்டில் கையெழுத்து தாமதமாகிறது என்று தோண்டினால், மறுபடியும் அந்தப் பட்டியலின் பத்திக்கே வந்து சேர்வீர்கள்.

என்ன செய்யலாம்? நான் கேட்பது பெரிய சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பி.ஜி.யும் போட்ட ட்யூப், ஸ்பைனல், நரம்பு பிளாக் எண்ணிக்கையை மாதாமாதம் துறையின் சுவரில் ஒட்டட்டும். லாக் புக் என்று ஒன்று இப்போதும் உண்டு. ஆனால் அது தனித்தனி நோட்டு, தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து நிரப்புவது. ஒருவருடையதை இன்னொருவருடையதோடு வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. அடுத்தடுத்து ஒரே தாளில் எழுதினால் மறைக்க எதுவும் மிஞ்சாது. ஒதுக்கீட்டுப் பத்தி உள்ள பட்டியல் துறைக்கு வரத் தேவையில்லை. பெயரும் சேரும் தேதியும் போதும். சாதிப் புகாரை ராகிங் புகாராக மாற்றி எழுதி அதே துறைத் தலைவர் மேசைக்கு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்; விசாரணைக் குழுவில் கல்லூரிக்கு வெளியே உள்ள, பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் இருக்க வேண்டும். வைவாவைப் பதிவு செய்ய ஒரு கேமரா போதும். மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரில் தாள் ஒட்டும் வேலையை நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கினேன். முதல் மாதத் தாளில் ஒருவருக்கு 41, இன்னொருவருக்கு 9. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். எந்த விளக்கமும் எழுதவில்லை, எண்ணை மட்டும் எழுதினேன். "எதுக்கு மேடம் இந்த வேலை, பிள்ளைங்களுக்குள்ள போட்டி வரும்" என்று மேலிருந்து சொன்னார்கள். மூன்றாம் நாள் யாரோ கிழித்துவிட்டார்கள். திரும்ப ஒட்டினேன். நான்காவது மாதம் 9 எடுத்தவருக்கு 33 ஆகியிருந்தது. கேஸ் பிரிக்கும் சீனியர் காலையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்கிறார். இப்போது நான் எழுதுவதில்லை, பி.ஜி.க்களே எழுதிக்கொள்கிறார்கள். போன வாரம் அறுவை சிகிச்சைத் துறையிலிருந்து ஒரு முதலாண்டு மாணவி வந்து, அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, கட்டம் எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டுப் போனார்.